அண்ணன் காட்டாத விரல்

என்னைப் பெயர் சொல்லாமல் ‘தாயி’ என்றே கூப்பிட்ட என் சண்முகண்ணனுக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் கேட்க வேண்டும் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது கேட்டால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நீங்களே கேலி செய்வீர்கள்.

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நம் ஊர்க்காரர்களும் உங்கள் சபைக்காரர்களும் முதலில் படிக்கட்டும். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். பார்வை மங்கிவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது, அதுவும் அவருக்குக் கேட்கக் கூடாது என்று நாம் நினைப்பதெல்லாம். என் மகள் தேவி இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். மறுபடியும் தேர்தல் வருகிறது, அண்ணே. குன்றக்குடி ரோட்டில் சுவர் முழுக்க வெள்ளையடித்து, இது எங்கள் கட்சிக்கு, அது உங்கள் கட்சிக்கு என்று பிடித்து வைத்துவிட்டார்கள். அந்தச் சுவரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.

ஒரு காலத்தில் நம் வீட்டில் பெரிய மனிதர் நீங்கள்தான். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். “கோழி மேய்ச்சாலும் கவர்ன்மெண்டுல மேய்க்கணும்” என்று அப்பா ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் உங்கள் மேஜைக்கு முன்னால் ஒரு மனிதர் வந்து நின்றார். ஏதோ ஒரு மனுவில் ‘சத்தியமாகச் சொல்கிறேன்’ என்று ஒரு வரி இருந்ததாம். அதற்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன், நான் சொன்னால் சொன்னதுதான், சத்தியம் எதற்கு என்றாராம். ஆபீசே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்காமல், அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் புதுவயலுக்குப் போனீர்கள்.

அவர்தான் மூப்பர். அங்கே ஒரு ரைஸ்மில்லில் பாய்லர் பார்ப்பவர். மிஷன் கோவிலிலிருந்து பிரிந்து வந்த பதினைந்து இருபது பேருக்கு அவர் மூத்தவர். மில்லுக்குப் பின்னால் உமி கொட்டுகிற கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பாட்டு உண்டு, வாத்தியம் கிடையாது. ஓட்டுப் போட மாட்டார்கள், கோர்ட்டுப் படி ஏற மாட்டார்கள், அரசாங்க வேலை பார்க்க மாட்டார்கள், கட்சி பேச மாட்டார்கள். யாரையும் திட்டவும் மாட்டார்கள், வரியைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவார்கள். தங்கள் ராஜா வேறொருவர், தங்கள் ஊர் வேறெங்கோ இருக்கிறது, இங்கே வழிப்போக்கர்கள் என்பது அவர்கள் எண்ணம்.

ஞானஸ்நானம் எடுத்த மறு வாரமே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மில்லிலேயே நெல் காயப்போடுகிற களத்து வேலைக்குச் சேர்ந்தீர்கள். சாமி மாறியதுகூட அப்பாவுக்கு என்றைக்காவது ஆறியிருக்கும். காவடி எடுக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் உத்தியோகத்தை விட்டது ஆறவே இல்லை. கோவில் வாசலில் ஊரே கூடியிருந்தபோது சொன்னார்: “கவர்ன்மெண்டு உத்தியோகத்த உதறிட்டு உமி அள்ளப் போனவன் எனக்குப் பொறக்கல. இனிமே அவன் பேரோட எம் பேரச் சேத்து யாரும் சொல்லாதீக.”

அதற்குப் பிறகு நம் வீட்டுப் பத்திரிகை எதிலும் உங்கள் பெயர் இல்லை. தேவிக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்து கத்தினாள். என் வீட்டுக்காரர் இறந்த அன்று நீங்கள் வந்தீர்கள். தெருவிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டு, அப்பா வெளியே வருவதற்குள் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து நானும் தேவியும் அப்பா வீட்டில்தான் இருக்கிறோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை எங்களுக்குச் சோறு போடுகிறது.

அறுபத்தாறில் ஓட்டர் லிஸ்ட் எழுதுகிற வேலை வந்தது. அதை டீச்சர்கள் தலையில்தானே கட்டுவார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியாக நம் வீட்டுக்கு வந்தேன். கதவு எண், பெயர், தகப்பனார் பெயர், வயது. அப்பா பெயரை எழுதினேன், என் பெயரை எழுதினேன். பேனாவை மூட மனம் வரவில்லை. சண்முகம், தகப்பனார் பெயர் பெரியகருப்பன், வயது முப்பத்தாறு என்று எழுதினேன்.

நீங்கள் அந்த வீட்டில் இல்லை, மில் ஓரத்து அறையில் இருந்தீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். இரண்டும் தெரிந்துதான் எழுதினேன். ஏதாவது ஒரு காகிதத்தில் நீங்கள் அப்பாவுக்குப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் அண்ணே காரணம். எந்த உலகத்தை விட்டு வெளியே போனீர்களோ, அதன் நோட்டிலேயே உங்களை இழுத்துக்கொண்டுபோய் எழுதுகிறேன் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

லிஸ்ட் அச்சாகி வந்து சாவடியில் ஒட்டினார்கள். அப்பாவுக்குப் பார்வை நன்றாக இருந்த காலம். நம் வீட்டு வரிகளில் விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர், உங்கள் வரியில் நின்றுவிட்டார். ஏன் எழுதினாய் என்று கேட்கவில்லை. எடு என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார்.

அறுபத்தேழு தேர்தலில் யாரோ ஒருவன் உங்கள் பெயரைச் சொல்லி ஓட்டுப் போட்டுவிட்டான். ஊரில் இல்லாத ஆள் பெயர் லிஸ்டில் இருந்தால் கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தானே. பூத் ஏஜெண்டாக உட்கார்ந்து, ஓட்டு விழுந்தாச்சு என்று லிஸ்டில் உங்கள் பெயரை அடித்தவன் நம் ஊர்ச் சுப்பையா, உங்களோடு களத்தில் வேலை பார்த்தவன். அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். மறு வாரம் மில்லில் எல்லாரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது மூப்பரைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

“ஓட்டே போடமாட்டோம்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீக. உங்க ஆளு ஓட்டு எங்க ஊர்ல விழுந்தாச்சே, தெரியாதா? நாந்தான பேர அடிச்சேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் உங்களை நிறுத்தி விசாரித்தார்கள். ஓட்டுப் போட்டீர்களா? இல்லை. பெயர் கொடுத்தீர்களா? இல்லை. அப்படியானால் யார் எழுதியது? நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நம் ஊர் லிஸ்டை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? அப்போது யாரோ ஒருவர், விரலைக் காட்டச் சொல்லுங்கள், போட்டிருந்தால் மை இருக்குமே என்றிருக்கிறார்.

ஒரு நிமிஷ வேலை. இடது கையை நீட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

“சொன்னாச் சொன்னதுதான், அதுக்கு மேல அத்தாச்சி வேண்டாம்னு நீங்க சொன்னதக் கேட்டுத்தான நான் இங்குட்டு வந்தேன். போடலன்னு சொல்லிட்டேன். விரலக் காட்டினாத்தான் நம்புவீகன்னா, இந்தக் கொட்டகைக்கும் நான் விட்டுட்டு வந்த ஆபீசுக்கும் என்ன வித்தியாசம்?”

ஜெபத்தில் எல்லாருக்கும் பிட்டுக் கொடுக்கிற அப்பத்தை அன்றைக்கு உங்களுக்குக் கொடுக்கவில்லை. விரலைக் காட்டும்வரை ஐக்கியத்துக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டார்கள். யாரும் உங்களைப் பார்த்துத் தோத்திரம் சொல்லக் கூடாது, கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, கொட்டகைக்குள் நீங்கள் கால் வைக்கக் கூடாது.

வந்து போட்டது நீங்கள் இல்லை என்று சபையில் சொன்னால் கள்ள ஓட்டுக்குத் தன்னைப் பிடிப்பார்களோ என்று பயந்து, சுப்பையா என்னிடம் வந்துதான் எல்லாம் சொன்னான். பஸ் பிடித்து ஓடி வந்தேன். நீங்கள் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தீர்கள். ஆவி முழங்கால் வரைக்கும் பறந்தது.

“நான் வந்து மூப்பர்கிட்டச் சொல்லிர்றேண்ணே, எழுதினது நாந்தான்னு.”

“சொன்னா இருவது பேருக்குத் தெரியும். அங்குட்டு இருந்து தாலுகா ஆபீசுக்கு எம்புட்டுத் தூரம்? இல்லாத ஆள வீட்டுல இருக்கிறதா எழுதினன்னு தெரிஞ்சா உன் வேலை போயிரும். புருசன் இல்லாதவ, பொட்டப்பிள்ளய வச்சிருக்க. போ தாயி.”

“அப்ப நீங்க?”

“எனக்கென்ன? நான் பொய் சொல்லமாட்டேன்னு அவுகளுக்குத் தெரியாமப் போகாது. நாலு வாரம் பொறு. கூப்பிட்டுக்கிருவாக.”

அரசாங்கமே வேண்டாம் என்று போன நீங்கள் என் அரசாங்க வேலையைக் காப்பாற்றினீர்கள். நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அண்ணே. நீங்கள் வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் பேச்சைத் தட்டாத தங்கை என்று ஊர் சொன்னபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தால்? உங்களைக் கேட்காமல் நேரே கொட்டகைக்குள் போயிருந்தால்? உங்களைக் கேட்காமல் எழுதத் தெரிந்தவளுக்கு, கேட்காமல் போய்ச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

நாலு வாரம் எட்டு வருஷம் ஆனது. ஒரு ஞாயிறு தவறாமல் போனீர்கள். வாசலுக்கு வெளியே உமிக் குவியல் ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்து, அவர்கள் உள்ளே பாடியதை நீங்கள் வெளியே பாடினீர்கள். கூட்டம் முடிந்தால் ஒவ்வொருவராக உங்களைத் தாண்டிப் போவார்கள், ஒருவரும் பேச மாட்டார்கள். ஒரு தடவை தேவியைக் கூட்டிக்கொண்டு வந்து, எதிர்ப்பக்கம் லாரிகள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். ஆடி மாதம். காற்றில் உமி பறந்து உங்கள் தலையெல்லாம், புருவமெல்லாம். நீங்கள் துடைத்துக்கொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

“மாமாவ ஏம்மா வெளிய உக்கார வச்சிருக்காக?” என்று தேவி கேட்டாள். வெயிலாக இருக்கிறது வா என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சினேன். “விட்டுட்டு வந்த எடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது தாயி” என்பீர்கள். வந்த இடத்திலோ உள்ளே விடவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்கள். உங்களுக்கு இரண்டு காலையும் வைக்க எங்கே இடம் இருந்தது? எழுபத்தொன்றிலும் உங்கள் பெயரில் ஓட்டு விழுந்தது. அதற்காக யாரும் உங்களை விசாரிக்கக்கூட இல்லை.

மஞ்சள் காமாலை வந்து ஒன்பது நாளில் போனீர்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்து, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நேரம் தப்பிவிட்டது. கடைசியாக என்னிடம் கிழமை கேட்டீர்கள். சனிக்கிழமை என்றேன். “நாளைக்கு நான் போகலன்னா தேடுவாகளோ?” என்றீர்கள். தேடுவார்கள் என்று சொன்னேன். உங்களிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அது. அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூப்பருக்கு ஆள் அனுப்பினேன். புறம்பாக்கப்பட்டவரைத் தங்கள் இடத்தில் அடக்கம் செய்கிற வழக்கமில்லை என்று பதில் வந்தது. அப்பா சொல்லி அனுப்பினார், “இங்குட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லு, நான் கொள்ளி வைக்கிறேன்” என்று. நான் மறுத்துவிட்டேன். நீங்கள் புதைக்கச் சொல்லியிருந்தீர்கள். உங்களைக் கேட்காமல் செய்தது ஒன்று போதும் என்று நினைத்தேன். டவுன் பொது இடுகாட்டில் சுப்பையாவும் களத்து ஆட்கள் மூன்று பேரும் குழி வெட்டினார்கள். பெண்பிள்ளை அங்கே வரக் கூடாது என்றார்கள், வந்தேன். பாடுவதற்கு யாரும் இல்லை. உங்கள் பாட்டு எனக்கு ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. சுப்பையா குழிக்குள் இறங்கி நின்று தேம்பித் தேம்பி அழுதான்.

போன மாதம் புது லிஸ்ட் வந்தது. அதில் நீங்கள் இருக்கிறீர்கள், அண்ணே. வயது நாற்பத்தாறு. அதைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். ஜெபம் முடியும்வரை நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே போய் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். எழுதியது நான். அண்ணனுக்குத் தெரியாமல் எழுதினேன். ஓட்டுப் போட்டது வேறு எவனோ. அண்ணன் விரலில் மை இருந்ததில்லை.

மூப்பருக்கு இப்போது நன்றாக வயதாகிவிட்டது. “தெரியும்மா” என்றார்.

“என்ன தெரியும்?”

“விசாரிச்ச அன்னைக்கு மொத ஜெபத்துல அவரும் எல்லாரையும் போலக் கைய ஒசத்திக்கிட்டுத்தான் நின்னாரு. எங்க கண்ணெல்லாம் அந்த விரல்லதான இருந்துச்சு. மை இல்ல. எல்லாருந்தான் பாத்தோம்.”

“பாத்துட்டுமா வெளிய வச்சீக?”

“சபை கேட்டாக் காட்டணும்லம்மா. கீழ்ப்படியலையே. ஒரே ஒரு தரம் காட்டியிருந்தா அன்னைக்கே உள்ள கூப்பிட்டிருப்போம். வார வாரம் காட்டுவாரு, அடுத்த வாரம் காட்டுவாருன்னே இருந்துட்டோம். அவரு வெளிய பாடுறது உள்ள எங்களுக்குக் கேக்கும். அவரு பாடினாத்தான் எங்க பாட்டுக்குச் சுதி நிக்கும்.”

சொல்லிவிட்டு அந்தக் கிழவர் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் பொய். நீங்கள் மன்னித்திருப்பீர்கள், அது உங்கள் பாடு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு லிஸ்ட் வரும்போதும் “அவன் பேரு இருக்கா?” என்று என்னைக் கேட்பார், அண்ணே. நீங்கள் போன பிறகு வந்த இந்தப் புது லிஸ்டுக்கும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்ன பிறகு வேறு கேட்டார்.

“அவன் ஓட்டே போடலையா?”

“ஒருக்காலும் போடலப்பா.”

அப்பா “போட்டான்னுல்ல நெனச்சேன்” என்றார். “நம்ம வீட்டு வரிசையில அவன் பேரும் வந்து, ஓட்டும் விழுந்துருச்சுன்னு சுப்பையா சொன்னதும், சரி, பய ஊருக்கு வந்துதான் போட்டுட்டுப் போயிருக்கான், எம் மொகத்துல முழிக்கத்தான் வெக்கப்படுறான்னு நெனச்சேன். அரைவழி வந்தவன் மீதியும் வருவான்னுதான் நான் போய்க் கூப்பிடல.”

நீங்கள் வாசலில் காத்திருந்தீர்கள், அவர்கள் உள்ளே காத்திருந்தார்கள், அப்பா வீட்டில் காத்திருந்தார். நான் எழுதிய ஒரு வரி அப்பாவை எட்டு வருஷம் எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்துவிட்டது. உங்களையும் அப்பாவையும் ஒட்டவைக்க எழுதியது அது.

“எடுத்துரு” என்றார் அப்பா. “அவன் இஷ்டப்படி ஒண்ணாவது நடக்கட்டும்.”

எடுப்பது சுலபம்தான். இறந்தவர் என்று ஒரு சொல் எழுதிக் கொடுத்தால் போதும், பழசைக் கிளறாதீர்கள் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் நல்ல மனசோடு சொல்கிறார். அப்படி எழுதினால் என் வேலைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் நீங்கள் உயிரோடு இருந்தபோது ஓட்டுப் போட்டவர் என்பது அப்படியே நின்றுவிடும். நான் அப்படி எழுத மாட்டேன், அண்ணே. இவர் இந்த வீட்டில் இருக்கவில்லை, பெயர் கொடுக்கவில்லை, எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடவில்லை, எழுதியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. தேவியிடம் சொன்னேன். அவள் என் புடவையை இஸ்திரி போட எடுத்து வைத்தாள்.

நீங்கள் விட்டுப்போன உலகத்தின் எந்தக் காகிதத்திலும் இனி உங்களைக் கொண்டுவந்து வைக்க மாட்டேன். இது என் வாக்கு. அந்த வரி போய்விட்டால், நீங்கள் பெரியகருப்பன் மகன் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சாது. நான் உங்களோடு பிறந்தவள் என்பதற்கும், இதோ, கீழே போடுகிற இந்தக் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

உங்கள் உடன்பிறந்த தங்கை,
மீனாள்